ஒரு கையும் ஒரு சாளரமும்

‘நல்ல கமரா ஒன்று இருந்தால்!’, ‘ஊர் ஊராகச் சென்றுவர நேரமும் பணமும் இருந்தால்!’, ‘இந்த முதுகுவலி மட்டும் இல்லாதிருந்தால்!’ - புகைப்படக் கலையிலே ஒரு காலத்தில் ஆர்வம் கொண்டிருந்து, பின்னர் அதனைக் கைவிட்டவர்களிடம் காரணம் கேட்டால், இத்தகைய ‘இருந்தால்’களும் ‘இல்லாதிருந்தால்’களுமே விடையாக வரும். பிறரைக் குறை கூறுவானேன்? நாமும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவராகவே இருந்தோம்.

எமது பழைய கமராவின் லென்ஸிலே பூஞ்சணம் பிடித்துவிட்டது. மழைக்காலம் முழுவதும் அதைத் தோற்பைக்குள் வைத்து மறந்துபோனதன் பலன் அது. திருத்துபவரிடம் கொண்டுபோய்க் காட்டினோம். அவர் அதனை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு, திருத்தும் செலவோடு இன்னுஞ் சிறிது சேர்த்தால் வேறொன்று வாங்கிவிடலாம் என்று கூறித் திருப்பித் தந்தார். வேறொன்று வாங்கும் வசதி எமக்கு இருக்கவில்லை. அன்று மாலையே கமரா அலுமாரியின் மேற்றட்டுக்குப் போய்விட்டது.

‘கைத்தொலைபேசியிலே கமரா உண்டே!’ என்று வாசகர்கள் கேட்கலாம். உண்டுதான். ஆயினும் அதை எடுத்து நீட்டிய போதெல்லாம், ‘இங்கே எடுப்பதற்கு என்ன இருக்கிறது?’ என்ற சலிப்பே மேலிட்டது. அதே வீடு, அதே முற்றம், அதே தெரு. பழுதடைந்தது லென்ஸ் மட்டுமன்று என்பது அப்பொழுது எமக்கு விளங்கவில்லை.

இவ்வாறிருக்கையில், நண்பர் ஒருவர் வீட்டிலே ஒரு புகைப்பட நூலைப் புரட்ட நேர்ந்தது. அதிலே ஒரு படம். ஒரு சாளரக் கண்ணாடி; அதன் மேல் நீர்த்துளிகள்; துளிகளுக்கு அப்பால், புகை போல மங்கித் தெரியும் ஒரு கோணல் மரம். வேறொன்றும் இல்லை. ஆனாலும் பக்கத்தைப் புரட்ட மனம் வரவில்லை. அடுத்த பக்கத்திலும் அதே சாளரம், அதே மரம், ஆனால் பனிக்காலம். அதற்கடுத்ததிலும் அவ்வாறே. படமெடுத்தவர் தமது சொந்த வீட்டுச் சாளரத்தை 14 ஆண்டுகள் படமெடுத்தவர் என்றும், அவருக்கு வலக்கை இல்லை என்றும் நூலின் முன்னுரை கூறிற்று. அவர் பெயர் யோசெப் சூடெக். அவருடைய வரலாற்றையே இவ்வாரம் வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

புத்தகம் கட்டப் பழகிய வாலிபன்

சூடெக் 1896ஆம் ஆண்டு மார்ச் மாதம் 17ஆந் திகதி கொலின் என்னும் சிற்றூரிலே பிறந்தார். அவ்வூர் இன்று செக் குடியரசில் இருக்கிறது. அன்று ஒஸ்திரியா-ஹங்கேரிப் பேரரசின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. தந்தையார் வீடுகளுக்கு வர்ணம் பூசும் தொழிலாளி. மகன் சிறு குழந்தையாக இருந்தபோதே அவர் காலமானார். வறிய குடும்பத்துப் பிள்ளை ஒரு கைத்தொழிலைக் கற்றுப் பிழைத்துக்கொள்ளட்டும் என்று, பிராக் நகரிலே புத்தகம் கட்டும் தொழில் பழக அனுப்பப்பட்டான். தாள்களை மடித்து, நூலால் தைத்து, பசை பூசி, மட்டை ஒட்டும் தொழில் அது. இரு கைகளும் ஒன்றுக்கொன்று உதவாமல் அதிலே எதுவும் நடவாது என்பதை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

1915ஆம் ஆண்டு அவர் கட்டாயப் படைச் சேவைக்கு அழைக்கப்பட்டு இத்தாலியப் போர்முனைக்கு அனுப்பப்பட்டார். படமெடுக்கும் விருப்பம் அப்பொழுதே அவரிடம் இருந்தது. போர்முனையிலும் கமராவைக் கைவிடவில்லை. அங்கே ஒரு நாள் அவருடைய கொம்பனி முன்னேறிச் சென்றபோது, அவர்களது சொந்தப் பீரங்கிகளே தவறுதலாக அவர்கள்மீது சுட்டன. குண்டின் சிதறல் அவரது வலக்கையிலே பாய்ந்தது. காயம் ஆறவில்லை. 1917ஆம் ஆண்டு முடிவதற்குள், உயிரைக் காப்பதற்காக வலக்கையைத் தோளோடு அகற்ற வேண்டியதாயிற்று. அப்பொழுது அவருக்கு வயது இருபதைச் சற்றே கடந்திருந்தது.

கற்ற தொழில் அத்துடன் முடிந்தது. ஊனமுற்ற வீரர்களுக்கான மருத்துவமனைகளிலும் விடுதியிலும் அவர் நெடுங்காலம் கழித்தார். அலுவலக வேலை ஒன்று கிடைக்கும் வாய்ப்பு வந்தது. அதை ஏற்றிருந்தால் எவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் சூடெக் அதனை மறுத்தார். போர்க்காயத்துக்காகக் கிடைத்த சிறு உபகாரப் பணத்தை வைத்துக்கொண்டு, 1922ஆம் ஆண்டு பிராக்கிலுள்ள அரசாங்க வரைகலைப் பாடசாலையிலே புகைப்படத் துறை மாணவராகச் சேர்ந்தார். அக்காலத்திலே அவர் எடுத்த படங்களுள் சிறந்தவை, அந்த விடுதியிலே தம்மைப் போலவே அங்கம் இழந்து நாட்களைக் கழித்துக்கொண்டிருந்தவர்களின் படங்கள். புகையிலைப் புகையும் சாளர வெளிச்சமும் கலந்து நிற்க, நிழலுருவங்களாக அமர்ந்திருக்கும் மனிதர்களை அவற்றிலே காண்கிறோம். எடுத்தவர் வெளியிலிருந்து வந்து பார்த்துப் போனவர் அல்லர். அந்த வாங்கிலே தாமும் அமர்ந்திருந்தவர்.

கையைத் தேடிப் போன பயணம்

1924ஆம் ஆண்டு பிராக்கின் புனித வீற்றஸ் பேராலயத்தைப் படமெடுக்கத் தொடங்கினார். 1344ஆம் ஆண்டு அத்திவாரமிடப்பட்ட அப்பேராலயம், அரைகுறையாகவே நூற்றாண்டுகள் பல நின்று, அப்பொழுதுதான் முடிவு பெறும் நிலைக்கு வந்திருந்தது. அண்ணாந்து பார்த்தால் தலை சுற்றும் தூண்கள். அவற்றின் அடியிலே கட்டடத் தொழிலாளரின் மண்வெட்டிகள், பலகைகள், சுண்ணாம்புக் குவியல்கள். வேறொருவர் அக்குவியல்களை விலக்கிவிட்டுத் தூண்களை மட்டும் எடுத்திருப்பார். சூடெக் இரண்டையும் சேர்த்தே எடுத்தார். மேலிருந்து இறங்கும் வெயிற் கதிர் தூணிலும் படுகிறது, மண்வெட்டியிலும் படுகிறது.

அந்த வேலை நடந்துகொண்டிருந்த காலத்திலேதான், 1926ஆம் ஆண்டு, அவருடைய வாழ்க்கையின் திருப்பம் நிகழ்ந்தது. செக் பில்ஹார்மோனிக் வாத்தியக் குழுவினர் சிலர் அவருக்கு நண்பர்கள். அவர்கள் கச்சேரி செய்வதற்காக இத்தாலி சென்றபோது இவரையும் உடன் அழைத்துச் சென்றனர். ஓரிரவு கச்சேரி நடந்துகொண்டிருக்கையில், சூடெக் இருக்கையை விட்டு எழுந்தார். எவரிடமும் சொல்லாமல் இருளிலே வெளியேறினார். நகரத்தைக் கடந்து நடந்தார். விடியற் பொழுதிலே, பனியிலே நனைந்த வயல்வெளிகளுக்கு நடுவே, தாம் காயம்பட்ட இடத்தைக் கண்டுபிடித்தார். காயம்பட்டவர்களைக் கிடத்தியிருந்த பண்ணை வீடுகூட அங்கே நின்றது. அவர் தேடிப் போன கைதான் அங்கே இல்லை.

இரண்டு மாதங்கள் வரை அவர் பிராக்குக்குத் திரும்பவில்லை. நண்பர்கள் கலங்கினர்; பொலிசாரும் தேடினர். பிற்காலத்திலே சூடெக் தாமே தம் உதவியாளரிடம் சொல்லிய செய்தி இது. திரும்பி வந்தவர், அதன் பின்னர் தூர தேசம் எங்கும் போகவே இல்லை.

இவ்விடத்திலே நாம் சற்று நிற்க வேண்டும். இழந்ததைத் தேடிப் போவது மனித இயல்பு. ‘அந்த விபத்து மட்டும் நேராதிருந்தால்’, ‘அந்தப் பரீட்சையில் மட்டும் தவறாதிருந்தால்’ என்று நாமும் அடிக்கடி அந்த வயல்வெளிக்குப் போய் வருகிறோம் அல்லவா? சூடெக் கால்நடையாகவே போய்ப் பார்த்தார். கை அங்கே இல்லை என்பதைக் கண்ணாற் கண்டார். இல்லாததை இல்லை என்று அறிந்துகொண்ட பின்னரே, இருப்பதன் பக்கம் அவருடைய பார்வை முழுமையாகத் திரும்பியது என்று நாம் கருதுகிறோம். பேராலயப் படங்கள் 15ஐத் தொகுத்து 1928ஆம் ஆண்டு, செக்கோசிலாவாக்கியக் குடியரசின் 10ஆம் ஆண்டு நிறைவையொட்டி வெளியிட்டார்கள். புகைப்படக் கலைஞர் என்ற பெயர் அவருக்கு நிலைத்தது.

வெளியே போக முடியாத காலம்

1927ஆம் ஆண்டளவில் பிராக்கின் மாலா ஸ்த்ரானா என்னும் பழம்பகுதியிலே, உயர்ந்த மாடி வீடுகளின் பின்முற்றத்திலிருந்த ஒரு சிறு மரக் கொட்டிலை அவர் தம் தொழிற்கூடமாக்கிக்கொண்டார். வருவாய்க்காகப் பத்திரிகைகளுக்கும் விளம்பரங்களுக்கும் படமெடுத்தார். மனித முகங்களையும் எடுத்தார். தொழில் நன்றாகவே நடந்தது.

1939ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலே ஹிற்லரின் படைகள் பிராக் நகருட் புகுந்தன. அந்நியப் படை ஆளும் நகரிலே, முக்காலியும் பெரிய கமராவும் சுமந்துகொண்டு தெருத்தெருவாகத் திரிவது ஆபத்தான காரியமாயிற்று. அவர் பல ஆண்டுகளாக நேசித்துப் படமெடுத்த நகரம் கண்ணெதிரே இருந்தது, ஆனால் எட்டவில்லை. முதலிலே கை போயிற்று. இப்பொழுது தெருவும் போயிற்று.

எஞ்சியிருந்தது அந்தக் கொட்டிலும் அதன் சாளரமும். சாளரத்துக்கு வெளியே ஒரு சிறு தோட்டம். அதிலே முறுகி வளைந்த ஓர் அப்பிள் மரம். சாளரத்தின் அடிக்கட்டையிலே ஒரு கண்ணாடிக் கோப்பை நீர், ஒரு ரோசாப்பூ, சில வேளை ஒரு முட்டை. 1940ஆம் ஆண்டு தொடங்கி 1954ஆம் ஆண்டு வரை அவர் இவற்றை எடுத்துக்கொண்டே இருந்தார். ‘எனது தொழிற்கூடத்தின் சாளரம்’ என்பது அப்படங்களின் பொதுப் பெயர்.

ஒரே சாளரத்தை 14 ஆண்டுகள் எடுப்பதற்கு அதிலே என்ன இருக்கிறது? குளிர் நாட்டிலே அறையின் உள்ளிருக்கும் வெப்பக் காற்று குளிர்ந்த கண்ணாடியிற் பட்டவுடன் அதிலுள்ள நீராவி துளிகளாகப் படியும். துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து கோடுகளாக வழியும். கடுங்குளிரில் அவை உறைந்து இலைகளைப் போலவும் இறகுகளைப் போலவும் படரும். வசந்தத்திலே கண்ணாடி தெளிந்து, மரத்தின் பூக்கள் தெரியும். ஆகவே சாளரம் ஒன்றாயினும் காட்சி ஒருநாளும் ஒன்றாக இருக்கவில்லை. இதனைக் காண்பதற்கு ஊர் சுற்ற வேண்டியதில்லை. அங்கேயே இருக்க வேண்டும், அவ்வளவே. தெருவிலே திரிய முடிந்த காலத்தில் சூடெக் அந்தச் சாளரத்தின் வழியே வெளியே பார்த்தார். திரிய முடியாமற் போனபோது சாளரத்தையே பார்த்தார்.

பெருப்பித்தல் வேண்டாம்

அதே 1940ஆம் ஆண்டிலே அவர் இன்னொரு முடிவையும் செய்தார். பிரான்சிலுள்ள சார்த்தர் பேராலயத்துச் சிலை ஒன்றின் பழைய புகைப்படம் அவர் கண்ணிற் பட்டது. அது 30×40 சென்ரிமீற்றர் அளவுடையது. ‘தொடுபிரதி’ முறையில் அச்சிடப்பட்டது.

மாணவர்களுக்காக இதனைச் சிறிது விளக்குவோம். பிலிமிலே படம் எடுத்தால் முதலிற் கிடைப்பது, வெண்மை கருமையாகவும் கருமை வெண்மையாகவும் மாறித் தோன்றும் எதிர்ப்படம். வழக்கமாக, சிறிய எதிர்ப்படத்தினூடே ஒளியைச் செலுத்தி, லென்ஸின் உதவியால் அதனைப் பெருப்பித்துத் தாளிலே பதிப்பார்கள். தொடுபிரதியிலோ எதிர்ப்படத்தைத் தாளின் மேல் ஒட்ட வைத்து ஒளியூட்டுவார்கள். இடையிலே லென்ஸ் கிடையாது. கருமைக்கும் வெண்மைக்கும் இடைப்பட்ட சாம்பல் நிறத்தின் நுண்ணிய படிகள் குறையாமல் தாளிலே இறங்கும். ஆனால் எதிர்ப்படம் எவ்வளவோ அவ்வளவுதான் பிரதியும் இருக்கும். பெரிய படம் வேண்டுமானால் பெரிய கமராவையே தூக்க வேண்டும்.

அந்தச் சிலையின் கல் கல்லாகவே தெரிந்ததைக் கண்ட சூடெக், இனித் தமது படங்களைப் பெருப்பிப்பதில்லை என்று தீர்மானித்தார். ஒரு கை மட்டுமே உள்ளவர் இலகுவான சிறு கமராவையன்றோ நாட வேண்டும்? அவரோ பாரமான மரப் பெட்டிக் கமராக்களையும் முக்காலிகளையும் தெரிந்தெடுத்தார். முழங்காலால் அணைத்தும், பல்லாற் கடித்துப் பிடித்தும், மற்றவர்கள் நொடியிற் செய்வதை அவர் நிமிடக் கணக்கிற் செய்தார். உதவிக்குச் சகோதரி பொசெனா இருந்தார். பின்னர் உதவியாளர்களும் இருந்தனர். ஆயினும் வேலையின் வேகம் அவருடைய ஒற்றைக் கையின் வேகமே. அவசரம் அவருக்கு இயலாத காரியம். அதனாலேதான் போலும், அவருடைய படங்களிலே அவசரத்தின் சாயலே இல்லை.

யுத்தம் முடிந்தபின் அவரிடம் உதவியாளராக வந்தவர் சோனியா புல்லாற்றி என்னும் யூத இளம்பெண். நாசிகளின் வதைமுகாம்களிலிருந்து உயிர் தப்பியவர். பின்னாளில் அமெரிக்காவிலே புகைப்படக் கலைஞராகப் புகழ்பெற்ற அவர், தம் ஆசானைப் பற்றிய நூல் ஒன்றை 1978ஆம் ஆண்டு வெளியிட்டார். அவர் கூறும் நிகழ்ச்சி ஒன்று மறக்க முடியாதது. ஒரு பழைய கற்கூடத்தின் இருளிலே கமராவை நிறுத்திவிட்டு இருவரும் தரையில் அமர்ந்து பேசிக்கொண்டிருந்தனர். திடீரெனச் சூடெக் துள்ளி எழுந்தார். ஒரு வெயிற் கதிர் உள்ளே நுழைந்துவிட்டது! இருவரும் துணிகளை வீசி அங்கிருந்த பழந்தூசியைக் கிளப்பினர். ஏனெனில் வெறுங்காற்றிலே செல்லும் ஒளி கண்ணுக்குத் தெரியாது. தூசி எழுந்தாலே அதன் பாதை தெரியும். நாம் துடைத்தெறிய விரும்பும் தூசியே ஒளியைக் காட்டும் கருவியாயிற்று.

கைவிடப்பட்ட பெட்டி

பின்னர் அவர் கையிலே இன்னொரு பழம்பொருள் சேர்ந்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதிக்காலத்துக் கொடக் அகலக் கமரா அது. லென்ஸ் ஒரு வில்விசையால் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குத் திரும்பும். 10 சென்ரிமீற்றர் உயரமும் 30 சென்ரிமீற்றர் நீளமும் கொண்ட படம் விழும். நேர்க்கோடு வளைந்து தோன்றலாம். வேகத்தை விரும்பியவாறு மாற்றும் வசதியும் இல்லை. புதிய கருவிகள் வந்தபின் எவரும் விரும்பாத பெட்டி. அதனைச் சுமந்துகொண்டு, மீண்டும் தமக்குத் திறந்துவிடப்பட்ட நகரத்தின் பாலங்களிலும் ஆற்றங்கரைகளிலும் புறநகர் வெளிகளிலும் அவர் ஆண்டுக்கணக்கில் நடந்தார். 284 படங்கள் கொண்ட ‘அகலத் தோற்றத்தில் பிராக்’ என்னும் நூல் 1959ஆம் ஆண்டு வெளிவந்தது. அவருடைய தலைசிறந்த படைப்புகளுள் ஒன்றாக அது இன்று மதிக்கப்படுகிறது.

அவர் தனிமையில் வாடிய துறவியும் அல்லர். செவ்வாய்க்கிழமை மாலைகளிலே நண்பர்கள் அந்தக் கொட்டிலிற் கூடுவர். தாள்களும் பெட்டிகளும் கால்வைக்க இடமின்றிக் குவிந்திருக்கும் அறையிலே இசைத்தட்டுகள் சுழலும். 1976ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதம் 15ஆந் திகதி, தமது 80ஆவது வயதில் சூடெக் காலமானார். 1985ஆம் ஆண்டு அக்கொட்டில் தீக்கிரையாயிற்று. 2000ஆம் ஆண்டிலே அதே இடத்தில், அதே உருவில் அதனை மீண்டும் கட்டினர். புகைப்படக் காட்சிக்கூடமாக அது இயங்கத் தொடங்கியது.

எமது சாளரம்

கையை இழந்தமையாலேதான் சூடெக் கலைஞரானார் என்று நாம் சொல்ல வரவில்லை. அவ்வாறு சொல்வது, துன்பத்தை அனுபவியாதவர்கள் துன்பத்துக்குச் சூட்டும் மலிவான மாலை. கை போனது நட்டமே. அது திரும்பவும் இல்லை. அந்நியர் ஆட்சி கொடுமையே. ஆனால் ஒவ்வொரு முறையும் அவருடைய வட்டம் சுருங்கியபோது, சுருங்கிய வட்டத்துக்குள்ளே இருந்ததை அவர் முன்னிலும் ஆழமாகப் பார்த்தார். ஊக்கம் எங்கோ தொலைவிலிருந்து வரும் விருந்தாளி என்று அவர் காத்திருக்கவில்லை. தினமும் அதே சாளரத்தின் முன்னே போய் நின்றார். அது அங்கே வந்து சேர்ந்தது.

அந்த நூலைப் பார்த்த மறுவாரம், அலுமாரியின் மேற்றட்டிலிருந்து எமது கமராவை இறக்கினோம். பூஞ்சணம் அப்படியேதான் இருந்தது. அதிகாலையிலே சமையலறைச் சாளரத்தின் முன் அதை வைத்து ஒரு படம் எடுத்தோம். அடுப்புப் புகையினூடே வெயில் இறங்கிக்கொண்டிருந்தது; வீட்டார் தேநீருக்கு நீர் வைத்துக்கொண்டிருந்தார்கள். படம் சற்று மங்கலாகவே வந்தது. ஒளியைச் சுற்றி ஒரு மெல்லிய படலம். நல்ல படம் என்று அதைச் சொல்ல மாட்டோம். ஆனால் பத்தாண்டுகளாக அந்தச் சமையலறையில் நாள்தோறும் தேநீர் அருந்தியும், வெயில் அவ்வழியே இறங்குவதை அன்றுதான் கண்டோம். மறுநாளும் எடுத்தோம். வெயில் ஒரு விரற்கடை நகர்ந்திருந்தது.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலே ஒரு சாளரத்தைத் தெரிந்தெடுங்கள். கையில் இருக்கும் கருவி எதுவாயினும் சரி, ஒரே இடத்தில் நின்று, காலையிலும் நண்பகலிலும் மழையிலுமாக ஏழு நாட்கள் படமெடுங்கள். ஏழாம் நாள் ஏழையும் வரிசையாக வைத்து, வீட்டிலுள்ள பெரியவர்களுடன் அமர்ந்து பாருங்கள். முதலாம் நாள் நீங்கள் காணாத ஒன்றை ஏழாம் நாட் படத்திலே நிச்சயமாகக் காண்பீர்கள். அது முதலாம் நாளும் அங்கேதான் இருந்திருக்கும்.